யாரோ போட்டுத் தரும் காபி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதைவிட அதுதான் எனக்குக் கௌரவம். தொற்றுக் காலத்தில், என் மனைவி போய் உட்கார்ந்தால் அவளுக்குக் கொரோனா வராத காபிக் கடை கல்கத்தாவில் எது என்று கண்டுபிடிப்பதற்காக, நான் கடை கடையாகப் போய் உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றி, காபி குடித்து, அங்கே இருந்த காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு, நேராக அவளிடமே வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அந்தக் குளிர்காலத்தில் வாரக்கணக்காக. இதில் ஏதோ இடிக்கிறதே என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. போதாததற்கு, பெரிய தியாகம் செய்துகொண்டிருப்பதாக ஒரு நினைப்பு வேறு.

இத்தனைக்கும் காற்றுதான் என் பிழைப்பு. கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு சர்வேயர் நான். கப்பலில் வந்த சரக்கு நனைந்ததா, நசுங்கியதா, கெட்டதா என்று பார்த்துச் சொல்கிற வேலை. அரிசி மூட்டை ஏற்றிய கப்பல் என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி, வழியில் மூடியைத் திறந்து காற்று விட்டீர்களா என்பதுதான். அடைத்தே வைத்திருந்தால் மூட்டை வேர்க்கும், வேர்த்தால் பூசணம் பிடிக்கும். உள்ளே இறங்க வேண்டாம், மேலே நின்று முகர்ந்தே சொல்லிவிடுவேன். என்னைவிட ஓரடி உயரமான மாலுமிகளையெல்லாம் காற்றுக்காக மிரட்டியிருக்கிறேன். புழுங்கலரிசி மேல் இருந்த அக்கறையில் கால்வாசி என் நுரையீரல் மேல் இருந்திருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

என் மனைவிக்கு முடக்குவாதம். விரல் மூட்டுகள் வீங்கும், காலையில் கை மடங்காது. அதற்கு அவள் சாப்பிடும் மாத்திரை வலியை அடக்கும், கூடவே உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும். ஊரடங்கு ஆரம்பித்த அன்றே டாக்டர் போனில் சொல்லிவிட்டார், உங்களுக்கு வந்தால் மற்றவர்களுக்கு வருவது போல் இருக்காது என்று. அன்றையிலிருந்து அவள் லேக் கார்டன்ஸ் வீட்டின் மூன்றாவது மாடியைவிட்டு இறங்கவில்லை. வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்ணையும் கட்டடச் சங்கம் வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டது. சமையல், பாத்திரம், துணி எல்லாம் அந்த வீங்கிய விரல்களின் தலையில். நான் உதவினேன். என் உதவி எப்படிப்பட்டது என்பதை அவள் வாயாலேயே கேளுங்கள்.

துர்கா பூஜை முடிந்து குளிர் ஆரம்பித்த சமயம். தொட்டியில் டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு ஒரே ஒரு ஆசை. யாரோ காபி போட்டுத் தரணும். நான் உட்கார்ந்திருக்கணும். குடிச்சிட்டு, டம்ளரை அப்படியே வச்சிட்டு எழுந்து வரணும்."

"அவ்வளவுதானே? நான் போட்டுத் தரேன்."

"நீங்க போட்டா அடுப்பை நான்தான் துடைக்கணும். சுவரையும்."

டாக்டரைக் கேட்டோம். கூட்டம் கூடாது, அடைத்த இடம் கூடாது, ஜன்னல்கள் திறந்து நல்ல காற்றோட்டம் இருந்தால் கொஞ்ச நேரம் உட்காரலாம், வாயில் கப்பை வைக்கும் நேரம் தவிர மாஸ்க் இருக்கட்டும் என்றார். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நான் சொன்னேன், "கவலையே படாதே. கடையை நான் சர்வே பண்ணிச் சொல்றேன்."

அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் கடை கிடர்பூரிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இருந்தது. வாசலில் காவலாளி ஒருவர் துப்பாக்கி மாதிரி இருந்த வெப்பமானியை என் முழுக்கைச் சட்டைமேல் வைத்து அழுத்தினார். அது காட்டிய எண்ணைப் பார்த்தேன். அந்தக் கணக்குப்படி நான் செத்து வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும். "டீக் ஆச்சே", சரியாக இருக்கிறது, என்று தலையசைத்துப் பிணத்தை உள்ளே விட்டுவிட்டார்.

அந்த முதல் நாள் நான் என் சொந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டோடு போயிருந்தேன். வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர். நம் ஆட்களுக்கு எந்த நோய் வந்தாலும் அது எச்சிலில்தான் வரும் என்று ஓர் உள்நம்பிக்கை இருக்கிறது இல்லையா, எனக்கு அது எலும்பிலேயே ஊறியிருக்கிறது. ஊரான் கப்பில் வாய் வைக்காமல், சொந்த டம்ளரில் ஊற்றி, அண்ணாந்து குடித்துவிட்டால் கொரோனா என்ன செய்யும்? அப்படித்தான் நினைத்தேன். கடைக்காரர்கள் கொண்டுவந்தது கப்புச்சினோ. அதை டம்ளரில் கவிழ்த்து, மாஸ்க்கை முழுக்கக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, டம்ளரைத் தூக்கினேன். ஒன்றும் வரவில்லை. நுரை அடியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். மொத்த நுரையும் ஒரே கட்டியாக மூக்கில் வந்து இறங்கியது. நான் தும்மிய தும்மலில் பக்கத்து டேபிள் பெண் தன் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடியது நியாயம். அந்த அறையில் அன்று யாராவது யாருக்காவது ஆபத்தாக இருந்தார்கள் என்றால் அது நான்தான்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். ஒன்றுவிட்டு ஒரு நாற்காலியில் மஞ்சள் டேப்பால் பெருக்கல் குறி ஒட்டியிருந்தார்கள், உட்காராதே என்று. மூலையில் அடா நடந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் நாலு பேர் கூடி, ஒரு காபியை மணிக்கணக்கில் வைத்துக்கொண்டு உலகத்தைத் திருத்துவதற்கு அதுதான் பெயர். திருத்துகிறவர்கள் பெருக்கல் குறியின் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் மாஸ்க் தாடைக்குக் கீழே தொங்கியது, ஆட்டுத்தாடி மாதிரி. ஜன்னல்கள் கண்ணாடி. திறக்கிற வசதியே கிடையாது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, குளிர்காலத்தில்.

"ஜன்னல் ஏதாவது திறக்குமா?" என்று பில் கொண்டுவந்தவரைக் கேட்டேன்.

"சார், நாங்க மணிக்கு ஒரு தடவை கதவுப்பிடியை சானிடைஸ் பண்றோம்" என்றார் பெருமையாக.

இரண்டாவது கடையில் நுழைவதற்கே ஒரு சடங்கு இருந்தது. காலை ஒரு ஈரமிதியடியில் வைக்க வேண்டும். பிறகு பையை நீட்ட வேண்டும், அதன்மேல் தெளிப்பார்கள். கையை நீட்ட வேண்டும், பன்னீர் மாதிரி ஊற்றுவார்கள். கல்யாணத்துக்கு வந்துவிட்டோமோ, சந்தனக் கிண்ணம் எங்கே என்று தேடினேன். பரிமாறுகிறவர் விண்வெளிக்குப் போகிற மாதிரி தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு போட்டிருந்தார். மூக்கு மட்டும் வெளியே. உள்ளே பாட்டு அலறியதால், "என்ன வேணும்?" என்று என் காதோரம் குனிந்து கத்தினார். "ஜன்னல்!" என்று நான் அவர் மூக்குக்கு நேரே கத்தினேன். "அது மெனுவில் இல்லை சார்" என்றார். கிண்டலா, பாட்டுச் சத்தத்தில் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது கடையில் ஒரே டேபிளில் எதிரெதிராக இருக்கும் இரண்டு நாற்காலிக்கு நடுவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்பு. உட்காரும்போதே அதில் நெற்றியை மோதினேன். பக்கத்தில் ஒரு காதல் ஜோடி. அந்தப் பையன் எழுந்து நின்று, தடுப்புக்கு மேலே கையை நீட்டி, தான் நக்கிய ஸ்பூனாலேயே அவளுக்கு ஐஸ்கிரீம் ஊட்டிக்கொண்டிருந்தான். நாலு பக்கமும் மூடிய அந்த அறையில் தடுப்பு யாரை யாரிடமிருந்து காப்பாற்றியது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என் நெற்றியைக் காப்பாற்றவில்லை.

எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. இப்போது எழுதும்போதும் இறங்கவில்லை. தெளித்தார்கள், துடைத்தார்கள், ஒட்டினார்கள், சுட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு ஒரு ஜன்னலைத் திறக்க யாருக்கும் கை வரவில்லை. திறந்தால் ஏசி வீணாகும், தூசி வரும், பாட்டு வெளியே போகும். ஊர் திறந்துவிட்டது என்று எல்லாரும் குதித்தார்களே, யாருக்குத் திறந்தது? வந்தால் நாலு நாள் படுத்து எழுந்துவிடலாம் என்று தைரியமாக இருந்தவர்களுக்குத் திறந்தது. மூன்றாவது மாடியில் நின்று கீழே போகிற ரிக்‌ஷாவை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, அவர்கள் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிய ஒவ்வொரு நாளும் இன்னொரு நாள் மூடியது. இதை ஒவ்வொரு கடையிலும் உட்கார்ந்து நான் கொதித்தேன். என் மாஸ்க் அப்போது எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். பையில்.

ஒவ்வொரு சாயங்காலமும் அவள் கதவைத் திறந்ததும் கேட்பாள், "என்ன, கிடைச்சுதா?"

"எல்லாம் அடைச்ச கடை. நாளைக்கு வேற ஒண்ணு பார்க்கிறேன்."

"நல்லா கை கழுவுங்க" என்பாள். நல்லா கழுவினேன். முழங்கைவரை.

கடைசியில் ஒன்று கிடைத்தது. ஏரிப் பக்கம் ஒரு சந்துக்குள் பழைய வீடு. மாடித் தாழ்வாரத்தில் நாலைந்து டேபிள்தான். நெடுக மரப்பலகை வைத்த உயரமான பச்சை ஜன்னல்கள், எல்லாம் அகலத் திறந்து, இந்தப் பக்கம் வந்த காற்று அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வெப்பமானி இல்லை, மிதியடி இல்லை, டேப் இல்லை. கடையை நடத்திய அம்மாள் மாஸ்க்கை மூக்குக்கு மேலே அழுத்திப் போட்டிருந்தார். எல்லாரும் அவரை தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிட்டார்கள்.

"தீதி, பாதுகாப்பு ஏற்பாடு என்னென்ன?" என்று கேட்டேன்.

கையால் ஜன்னல்களைக் காட்டினார். "ஜான்லா." அவ்வளவுதான். நான் அங்கேயே அவர் காலில் விழுந்திருப்பேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாளே அவளைக் கூட்டிப்போயிருக்க வேண்டும். ஆனால் ஒரு நாள் பார்த்துவிட்டு எந்த சர்வேயரும் கையெழுத்துப் போடமாட்டான். வெவ்வேறு நேரத்தில் போய்ப் பார்த்தேன். அப்படி ஒரு சாயங்காலம் போனபோதுதான் அந்தப் பெரியவர் வந்தார்.

கல்கத்தாவின் குளிரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மூரில் அதைக் குளிர் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இங்கே அது தேசிய ஆபத்து. கார்த்திகை பிறந்தால் போதும், பெட்டியிலிருந்து மங்கி கேப் வெளியே வந்துவிடும். கம்பளியில் பின்னிய குல்லா. தலை, நெற்றி, காது, கழுத்து, தாடை எல்லாவற்றையும் மூடி, கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் ஓட்டை விட்டிருக்கும். கொரோனாவுக்கு வேண்டிய வழியை மட்டும் திறந்து வைத்துவிட்டு மீதி எல்லாவற்றையும் அடைக்கும் உடுப்பை மனிதன் வேறெங்கும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் அதைப் போட்டு, மேலே மஃப்ளர் சுற்றி, சால்வை போர்த்தி வந்து உட்கார்ந்தார். உட்காரும் முன்பு ஒவ்வொரு ஜன்னலாகப் போய்ப் பட்பட்டென்று சாத்தினார்.

"தாதா, அது திறந்திருக்கட்டும்" என்றேன். இங்கே தாதா என்றால் அண்ணா.

"டாண்டா லேகே ஜாபே" என்றார். குளிர் பிடித்துவிடும். இந்த மூன்று சொல்லுக்கு இந்த ஊரில் மேல்முறையீடு கிடையாது.

நான் எழுந்து ஒரு ஜன்னலைத் திறந்தேன். அவர் எழுந்து அதைச் சாத்தினார். நான் அடுத்ததைத் திறந்தேன். தீதி காபியோடு வந்தவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "பாதி" என்று தீர்ப்பு சொல்லி, ஒரே ஒரு ஜன்னலின் ஒரு கதவை மட்டும் திறந்து கொக்கி போட்டார். "அவர் தினமும் வருகிறவர்" என்று என்னிடம் முணுமுணுத்தார். அதிலும் ஒரு நல்ல செய்தி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவர் வருவதில்லையாம். மீன் மார்க்கெட் போய்விட்டு வீட்டிலேயே பூரி தின்றுகொண்டு இருந்துவிடுவாராம்.

அப்போதே ஞாயிற்றுக்கிழமை காலைக்கு ஓரத்து டேபிளைச் சொல்லிவைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் உடனே பீரோவைத் திறந்து புடவைகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

நடுவில் நான் சும்மா இருந்தேனா? இல்லை. டேபிள் உறுதிதானா என்று கேட்க மறுபடி ஒரு சாயங்காலம் போனேன். போனில் கேட்டிருக்கலாம் என்பது உங்களுக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியவில்லை. தாழ்வாரத்தில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது, அந்தப் பாதிக் கதவும் சேர்த்து. பெரியவர் தன் நண்பர்கள் இரண்டு பேரோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தலைக்கேறியது. போய் ஜன்னலைத் தள்ளித் திறந்தேன்.

"உங்க ஊர்ல குளிரே கிடையாது" என்றார் பெரியவர் எழுந்து நின்று. "நெஞ்சில் சளி கட்டினால் என்ன ஆகும் தெரியுமா உங்களுக்கு?"

"கொரோனா வந்தால் என்ன ஆகும் தெரியுமா உங்களுக்கு?"

"அதெல்லாம் போயாச்சு தாதா. பூஜையோடு போயாச்சு. அம்மனைக் கங்கையில் கரைத்தோமே, அவள் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்."

நண்பர்கள் சிரித்தார்கள். நான் மாஸ்க்கை இறக்கினேன். மாஸ்க்குக்குள்ளிருந்து வங்காளத்தில் திட்டுவது எனக்குக் கஷ்டம். என் வங்காளமே பாதிதான், அதையும் துணி தின்றுவிடும். அவருடைய மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, என் வீட்டில் ஒருத்தி மாடியைவிட்டு இறங்காமல் இருக்கிறாள், உன்னைப் போன்றவர்களால்தான் இருக்கிறாள் என்று வங்காளம், இந்தி, தமிழ் மூன்றிலும் கத்தினேன். அவரும் விடவில்லை. ஒருவர் எச்சில் ஒருவர்மேல் தெறிக்கத் தெறிக்க, காற்றோட்டத்தின் அவசியத்தை விவாதித்தோம். விவாதத்தின் நடுவில் யாரோ ஜன்னலை மறுபடி சாத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எனக்குத் தொண்டை கொஞ்சம் கரகரத்தது. கத்தியதால் வந்தது என்று வெந்நீர் குடித்தேன். அவள் காலையிலேயே தயாராகிவிட்டாள். நீல நிறக் கைத்தறிப் புடவை. வெளியே போட்டு மாசக்கணக்காகிவிட்டதால் செருப்பு வார் விறைத்துப்போயிருந்தது, அதை எண்ணெய் தொட்டு நீவியிருந்தாள். பின்னல் போட விரல் மடங்காதென்று கொண்டை. வாசலில் நின்று முந்தானையை உதறினாள்.

"அய்யய்யோ, பாச்சாவுருண்டை நாத்தம். பஸ்ல போறவங்களே இறங்கிடுவாங்க. வேற புடவை மாத்திக்கவா?"

"எந்த நாத்தம்?" என்றேன்.

சிரித்துக்கொண்டே முந்தானையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் நன்றாக இழுத்து முகர்ந்தேன். வெறும் துணி. பூசணம் பூத்த அரிசியைக் கப்பலின் மேல்தட்டிலிருந்து முகர்ந்து சொல்கிறவன், மூக்கில் வைத்துத் தேய்த்த பாச்சாவுருண்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. முந்தானையை மெல்ல இழுத்துக்கொண்டாள். ஒரு அடி பின்னால் போனாள், இன்னொரு அடி, பால்கனிக் கதவுவரை. கையில் இருந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டாள். விரல் மடங்காததில் காதுக் கயிறு இரண்டு தடவை நழுவியது. நான் உதவப் போனேன்.

"கிட்ட வராதீங்க."

என் மனைவி இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். சாதாரணக் கோபத்துக்கு அவளுக்கு வங்காளம்தான் வரும், வேகமாக, இனிப்பாக. அன்று சொன்னது எல்லாம் தமிழ். "அந்த ரூமுக்குப் போங்க. கதவைச் சாத்துங்க. அந்த ஜன்னலையும் திறந்துவைங்க."

எனக்குத் தொற்று என்று உறுதியானது. அவளுக்கு முதல் பரிசோதனையில் இல்லை. முதல் பரிசோதனையை நம்பாதீர்கள், பொறுத்து இன்னொன்று எடுங்கள் என்றார் டாக்டர். அதுவரை அந்த மூட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார். எதிர்ப்புச் சக்தி கொஞ்சமாவது இருக்கட்டும் என்று.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு காதால் பார்த்தேன். குக்கர் மூடியைத் திருக முடியாமல் அவள் அதை மேடையில் தட்டும் சத்தம். பாட்டில் மூடியோடு போராட்டம். டம்ளர் கீழே விழும் சத்தம். மூன்று வேளையும் கதவுக்கு வெளியே தட்டு வந்து உட்கார்ந்தது. காபியும் வந்தது. யாரோ போட்டுத் தர, உட்கார்ந்து குடித்துவிட்டு, டம்ளரை அப்படியே வைத்தேன். அவள் கேட்டது மொத்தமும் எனக்குக் கிடைத்தது. ருசிதான் தெரியவில்லை.

கடைக்குச் சொல்லிவிட வேண்டும் அல்லவா, போன் செய்தேன். தீதி பெருமூச்சு விட்டார். தனக்கு ஒன்றுமில்லை, ஆனால் பெரியவரும் படுத்துவிட்டார், வீட்டிலேயே மருந்து, தேறிக்கொண்டிருக்கிறார் என்றார்.

"பார்த்தீங்களா தீதி! ஜன்னலைச் சாத்திச் சாத்தி எனக்கும் கொடுத்துட்டார்!"

"அவர் அப்படிச் சொல்லவில்லை தாதா. அந்த மதராஸிதான் முகத்துக்கு நேரே வந்து கத்தி எனக்குக் கொடுத்தான் என்கிறார்."

"நானா?"

"அதுவும் ஜன்னலை வேறு திறந்துவிட்டானாம். அந்தக் காற்றில்தான் நெஞ்சில் இறங்கியதாம்."

போனை வைத்துவிட்டு நான் கத்திய கத்தலில் இருமல் வந்தது. இருமல் நின்றதும் கதவைப் பார்த்து மீண்டும் ஆரம்பித்தேன். மங்கி கேப்பைத் திட்டினேன். மஃப்ளரைத் திட்டினேன். தெளித்தவர்கள், ஒட்டியவர்கள், வெள்ளை உடுப்பு, ஐஸ்கிரீம் ஊட்டியவன், ஒருத்தரையும் விடவில்லை. வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா, இந்த ஊர்ல ஒருத்தனுக்காவது..."

"அந்தத் தாத்தா எனக்காகக் கடை தேடிப் போகலை. ஐஸ்கிரீம் ஊட்டினவனுக்கு என்னைத் தெரியாது. என் மாத்திரை தெரிஞ்சு, டாக்டர் சொன்னது தெரிஞ்சு இருந்த ஒரே ஆள் நீங்க."

நான் போர்வையை விலக்கிக் கதவோரம் வந்து உட்கார்ந்தேன்.

"ஜன்னல் திறக்குமான்னு ஊர் பூரா கேட்டீங்க. எல்லாக் கடையிலயும் மாஸ்க்கை அவுத்துட்டு உட்கார்ந்து கேட்டீங்க. அப்புறம் நேரா வந்து என் பக்கத்துல படுத்தீங்க. நான் இங்க மார்ச்சிலேர்ந்து பால் பாக்கெட்டைக் கழுவிட்டு இருக்கேன். கொத்தமல்லியைக் கழுவிட்டு இருக்கேன். உங்களை யாருங்க கழுவுறது?"

"உனக்காகத்தானே..."

"லேக் கரையில பெஞ்சு இருக்கு. நடந்தா எட்டிடும். ஒரு கடைவாசல்ல நின்னு ஒரு கப் வாங்கிட்டு வந்து கொடுத்திருந்தா, மரத்தடியில உட்கார்ந்து குடிச்சிட்டு கப்பைக் குப்பைத்தொட்டியில போட்டுட்டு வந்திருப்பேன். முதல் வாரமே. தோணுச்சா?"

"பேப்பர் கப் உனக்குப் பிடிக்காதேன்னு..."

"கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேப்டன்கள், காவலாளிகள், பரிமாறுகிறவர்கள் என்று ஆயிரம் பேரிடம் ஆயிரம் கேள்வி கேட்டவன் அவளிடம் இந்த ஒன்றைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் நாற்காலி நகரவில்லை. மூட்டு வலியில் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாளா, கோபத்தில் உட்கார்ந்திருக்கிறாளா என்று கதவு வழியாகத் தெரியவில்லை. கதவைத் திறந்து பார்க்கவும் வழியில்லை. அன்று எனக்கு வந்த கோபத்துக்கு ஆள் தேடினேன். மங்கி கேப்பைத் திரும்ப வரவழைக்கப் பார்த்தேன். வரவில்லை.

இரண்டாவது பரிசோதனையிலும் அவளுக்கு இல்லை என்று வந்தது. கீழ்வீட்டு பௌதி, அண்ணி முறை வைத்து நாங்கள் கூப்பிடும் அந்த அம்மாள், கேட்டதும் சங்கு ஊதினார், இங்கே அது நல்ல செய்திக்கு. மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாள். வீக்கம் வடிய வெகுநாள் ஆனது. எனக்கு வாசனை திரும்பி வந்தது, முதலில் வந்தது சாக்கடை. அவள் என்னிடம் பேசினாள். உப்பு போதுமா, பில் கட்டியாச்சா என்கிற அளவில் பேசினாள். காபிக் கடை என்ற வார்த்தையை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

இங்கே மாசி வாக்கில் வரும் சரஸ்வதி பூஜை முடிந்து குளிர் போய்விட்டது. அடுத்த அலை வருவதற்கு முன் கிடைத்த அந்தக் கொஞ்ச நாள் அவகாசம். ஒரு காலை நேரம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் அறையிலிருந்து வெளியே வந்தாள். அதே நீலப் புடவை, துவைத்துக் காயவைத்தது. மூக்கின்மேல் கம்பியை அழுத்திய மாஸ்க். செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"காபி குடிக்க. தீதிகிட்ட போன்ல பேசிட்டேன். எல்லா ஜன்னலும் திறந்திருக்காம். யாருமே இல்லையாம்."

எழுந்தேன். சட்டையை மாட்டினேன், பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மாஸ்க்கைத் தேடினேன், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டேன். அதற்குள் அவள் படி இறங்க ஆரம்பித்துவிட்டாள், கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக. மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டேன்:

"நானும் வரட்டுமா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வேற டேபிள்ல உட்காருங்க."